ஒரு சொல் பிறந்த நாடு
(நார்தம்பர்லாந்து: கடலும் எல்லையும் கருங்கல்லும்)

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (நிலவியல்)

நிலவியல் பயிலும் நாங்கள் முதலாண்டிலேயே 'சில்' என்னும் சொல்லைக் கற்றுவிடுகிறோம். பூமியின் உள்ளிருந்து எழும் பாறைக்குழம்பு, முன்னரே படிந்துள்ள பாறை அடுக்குகளினிடையே புகுந்து, அவ்வடுக்குகளுக்கு இணையாகப் பரவி உறைந்தால் அது 'சில்'. அடுக்குகளைக் குறுக்கே வெட்டி நின்றால் அது 'டைக்'. தேர்வில் இது இரண்டு மதிப்பெண் வினா. இச்சொல் எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்தபோதுதான் நார்தம்பர்லாந்து என்னும் மாவட்டம் எனக்கு அறிமுகமாயிற்று. 'சில்' என்பது கிரேக்கப் பேரறிஞர் படைத்த சொல்லன்று. இங்கிலாந்தின் வடபகுதியில் கல் வெட்டியும் சுரங்கம் தோண்டியும் பிழைத்த தொழிலாளர் வாயில் வழங்கிய சொல் அது. பின்னர் வந்த அறிவியலார் அதனை அப்படியே எடுத்துக்கொண்டனர்.

அந்த மண்ணை நான் மிதித்தவன் அல்லன். நூல்களின் வாயிலாகவும் நிலப்படங்களின் வாயிலாகவும் அறிந்ததையே ஈண்டு எழுதுகின்றேன்.

இருப்பிடமும் பெயரும்

இங்கிலாந்தில் மாவட்டத்தைக் 'கவுண்டி' என்பர். அக்கவுண்டிகளுள் வடகோடியில் இருப்பது நார்தம்பர்லாந்து. வடக்கே ஸ்காட்லாந்து, கிழக்கே வடகடல். பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 3,20,000 மட்டுமே. இத்துணைப் பரப்பில் இவ்வளவு குறைந்த மக்கள் வாழ்வதற்குப் பாறையும் தரிசும் குளிரும் ஒரு காரணம்; எல்லைப்போர்கள் மற்றொரு காரணம் எனலாம்.

ஹம்பர் ஆற்றுக்கு வடக்கே உள்ள நாடு என்பது பெயரின் பொருள். இன்று ஹம்பர் அம்மாவட்டத்தினின்றும் நெடுந்தொலைவு தெற்கே இருக்கிறது. ஆனால் 7ஆம் நூற்றாண்டில் ஹம்பர் முதல் இன்றைய ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகம் வரை பரந்து நின்ற நார்தம்பிரியா என்னும் அரசின் பெயரே இம்மாவட்டத்திற்கு எஞ்சியது. நாடு சுருங்கிற்று, பெயர் சுருங்கவில்லை.

எல்லாவற்றையும் தாங்கும் ஒரே கல்

ஏறத்தாழ 29.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியின் அடியில் பாறைக்குழம்பு பொங்கியது. அது மேலே வந்து எரிமலையாகக் கக்காமல், சுண்ணாம்புப் பாறை, மணற்பாறை, களிப்பாறை ஆகிய அடுக்குகளின் நடுவே பரவி உறைந்தது. பெரும்பாலும் 30 மீட்டர் அளவில் தடித்த இந்த டோலரைட்டுப் பாறைக்கு 'வின் சில்' என்று பெயர். 'வின்' என்பது கருநிறமுள்ள கடினக் கல்லுக்கு ஊரார் இட்ட பெயர். 'சில்' என்பது கிடையாகக் கிடக்கும் பாறைப்படுகைக்கு அவர்கள் இட்ட பெயர்.

காலப்போக்கில் மென்மையான பாறைகள் காற்றாலும் மழையாலும் பனியாற்றாலும் கரைந்து போயின. கடினமான வின் சில் மட்டும் கரையாமல் நிமிர்ந்து நின்றது. அடுக்குகள் மாவட்டத்தின் நடுப்பகுதியில் தெற்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால், அதன் வெட்டுண்ட முகம் வடக்கு நோக்கிச் செங்குத்தாக நிற்கிறது. வடக்கிலிருந்து வரும் பகைவனுக்கு அது சுவர். தெற்கிலிருந்து ஏறுபவனுக்கு அது சரிவு. இதனை மனத்தில் கொண்டால் அம்மாவட்டத்தின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

ரோமானியர் தம் மதிலின் நடுப்பகுதியை இக்கல்லின் மேலேயே எழுப்பினர். ஆங்கிலோ-சாக்சன் மன்னர் கோநகராகக் கொண்ட பாம்பரோவின் கோட்டை இதன் மேல் நிற்கிறது. டன்ஸ்டன்பரோக் கோட்டை, லிண்டிஸ்ஃபார்ன் தீவின் கோட்டை ஆகியவற்றின் அடித்தளமும் இதுவே. கடலுக்குள் இறங்கிய இதன் துண்டுகளே ஃபார்ன் தீவுகள்.

மதிலும் மடலும்

கி.பி. 122இல் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்தார். அவர் ஆணையால் எழுந்த மதில் கிழக்குக் கடற்புறத்திலிருந்து மேற்குக் கடற்புறம் வரை ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீண்டது. ரோமானிய மைல் ஒன்றுக்கு ஒரு சிறு காவற்கோட்டை. இரு கோட்டைகளுக்கு இடையே இரண்டு காவற்கோபுரங்கள். 1987இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இன்றைய எல்லை இம்மதிலே என்று பலர் எண்ணுவர். அது தவறு. மதில் முழுவதும் இங்கிலாந்திலேயே இருக்கிறது. அதன் கிழக்கு முனையிலிருந்து இன்றைய எல்லை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வடக்கே உள்ளது.

மதிலினும் என்னைக் கவர்ந்தவை, அதற்கு அருகிலுள்ள விண்டோலண்டா என்னும் பழைய படைவீட்டில் 1973இல் கிடைக்கத் தொடங்கிய மரச்சீவல் மடல்கள். ஈர மண்ணில் காற்றுப் புகாமல் புதையுண்டதால் மையெழுத்து அழியாமல் நின்றது. அவற்றுள் ஒன்று கி.பி. 100ஐ ஒட்டி, கிளாடியா செவரா என்னும் பெண்மணி தம் தோழி சுல்பீசியா லெபிடினாவைப் பிறந்தநாள் விழாவுக்கு அழைத்து எழுதியது. மற்றொன்று காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பிய செய்தியைக் கூறுகிறது. பேரரசரின் கல்வெட்டு தன் வெற்றியைச் சொல்லும். குளிரில் நின்ற காவலன் காலுறையின்றி வாடியதைச் சீவல் மடலன்றோ சொல்லும்!

கடல் திறந்து மூடும் தீவு

லிண்டிஸ்ஃபார்னுக்குப் 'புனிதத் தீவு' என்றும் பெயர். கடல் வற்றும்போது கரையிலிருந்து சாலை வழியே செல்லலாம். நாள்தோறும் இருமுறை கடல் பெருகிச் சாலையை மூடிவிடும். கால அட்டவணையைப் பாராமல் வண்டியை ஓட்டி நடுவழியில் சிக்கிக்கொள்வோர் இன்றும் உண்டு.

கி.பி. 635இல் மன்னர் ஆஸ்வால்டின் அழைப்பை ஏற்று அயோனாத் தீவிலிருந்து வந்த துறவி எய்டன் இங்கு மடம் நிறுவினார். 700ஐ ஒட்டிய காலத்தில் இங்கேதான் வண்ண ஓவியங்கள் நிறைந்த இலத்தீன் நற்செய்தி ஏடு எழுதப்பட்டது. 793இல் வைக்கிங் கொள்ளையர் மடத்தைத் தாக்கினர். பின்னர் துறவியர் தீவை விட்டு வெளியேறினர். ஏடு தப்பியது. 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்னும் குரு, இலத்தீன் வரிகளுக்கு இடையே ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைத் தம் மக்களின் பழைய ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். இன்று நமக்குக் கிடைக்கும் நற்செய்தி நூல்களின் மிகப் பழைய ஆங்கில மொழியாக்கம் அதுவே. உலகை ஆண்ட மொழி என்று நாம் அஞ்சும் ஆங்கிலமும், ஒரு காலத்தில் வேறொரு மொழியின் வரிகளுக்கு நடுவே இடம் தேடிய மொழிதான் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

எல்லையில் வாழ்ந்தவர் பட்ட பாடு

எல்லை நகரமான பெரிக் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே 13 முறை கைமாறியது என்பர். 1482 முதல் அது இங்கிலாந்தின் வசம் உள்ளது. எனினும் அந்நகரின் கால்பந்துக் குழு ஸ்காட்லாந்தின் போட்டித் தொடர்களிலேயே ஆடி வருகிறது. அரசுகள் வகுத்த கோடு ஒருபுறமிருக்க, பழக்கம் வகுத்த கோடு வேறாக நிற்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1513 செப்டம்பர் 9இல் பிராங்ஸ்டன் அருகே ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் களத்திலேயே மாண்டார். மன்னர்களின் போர் ஓய்ந்த நாட்களிலும் மக்களுக்கு ஓய்வில்லை. படைகள் பயிரை எரித்துச் சென்றபின் உழவு நிலைக்கவில்லை. ஆடுமாடு கவர்வதே குடும்பத் தொழிலாயிற்று. 'ரீவர்' எனப்பட்ட இக்கொள்ளையர் எல்லையின் இருபுறத்திலும் இருந்தனர். கீழே மாடுகள், மேலே மனிதர் எனத் தடித்த கற்சுவர் வீடுகளில் குடியானவர் வாழ்ந்தனர். கொள்ளையடிக்காதிருக்கக் கொடுத்த பாதுகாப்புப் பணத்தின் பெயரே 'பிளாக்மெயில்'. இன்று நம் திரைப்பட வில்லன்கள் வாயிலும் வழங்கும் இச்சொல், மாட்டைப் பறிகொடுத்த எல்லைப்புற உழவன் தந்த சொல். 1603இல் இரு நாடுகளுக்கும் ஒரே மன்னர் வந்தபின்னரே கொள்ளை படிப்படியாக ஒடுக்கப்பட்டது.

கரியும் உயிரும்

மாவட்டத்தின் தென்கிழக்கே நிலக்கரி. தைன் ஆற்றங்கரையில் வைலம் என்னும் சிற்றூரில் 1781இல் பிறந்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் எந்திரத்துக்குத் தீ மூட்டும் தொழிலாளி. மகன் 18 வயதுவரை எழுத்தறியார். கூலி வேலை செய்துகொண்டே இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றார். 1829இல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற 'ராக்கெட்' என்னும் நீராவி எஞ்சின், அவரும் அவர் மகன் ராபர்ட்டும் நடத்திய தொழிற்சாலையில் உருவானது. பெரிக்கில் ட்வீட் ஆற்றின் மேல் 28 வளைவுகளோடு நிற்கும் இரயில் பாலம் ராபர்ட் அமைத்தது, 1850இல் திறக்கப்பட்டது. தந்தை கையெழுத்துக் கற்றார். மகன் பாலம் கட்டினார்.

கரியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1862 ஜனவரி 16இல் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரிறைக்கும் எந்திரத்தின் பெரிய இரும்பு உத்திரம் முறிந்து குழிக்குள் வீழ்ந்தது. அச்சுரங்கத்திற்கு வழி ஒன்றே, அதுவும் அடைபட்டது. ஆடவரும் சிறுவருமாக 204 பேர் மாண்டனர். அதே ஆண்டில், சுரங்கத்திற்கு இரண்டு வழிகளேனும் இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாவது குழி தோண்டுவதற்கு நுட்பம் இல்லாமல் இல்லை. அதற்கு ஆகும் செலவை உயிருக்கு மேலாக எண்ணியதே குறை. எலிங்டன் சுரங்கம் 2005இல் மூடப்பட்டதோடு அங்கு ஆழ்சுரங்கத் தொழில் முடிவுற்றது. ஆஷிங்டன் அருகே உட்ஹார்ன் சுரங்கம் இன்று அருங்காட்சியகம்.

இன்று காணத்தக்கவை

ஃபார்ன் தீவுகளில் சாம்பல்நிறக் கடல்நாய்களும் பஃபின் பறவைகளும் திரளாக வாழ்கின்றன. அங்குள்ள கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங், 1838 செப்டம்பர் 7இல் 'ஃபார்ஃபர்ஷயர்' கப்பல் உடைந்தபோது தந்தையோடு துடுப்புப் படகில் சென்று, உயிர் பிழைத்தோரைக் காப்பதில் பங்கு கொண்டவர். அப்போது அவருக்கு வயது 22. பாம்பரோவில் அவர் பெயரால் அருங்காட்சியகம் உள்ளது.

கீல்டர் நீர்த்தேக்கம் 1982இல் திறக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த காடும் அண்டைத் தேசியப் பூங்காவும் செயற்கை ஒளி குறைந்தவை. ஆதலால் 2013இல் இருள்வானப் பூங்காவாக ஏற்கப்பட்டன. பால்வீதியை வெறுங்கண்ணால் காண மக்கள் வருகின்றனர். மதிலருகே வின் சில்லின் ஒரு பள்ளத்தில் தனித்து நின்ற சிக்கமோர் மரம் பல்லாயிரவர் கண்டு மகிழ்ந்தது. 2023 செப்டம்பரில் இரவோடிரவாக இருவர் அதனை அறுத்து வீழ்த்தினர். 2025இல் நீதிமன்றம் அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அடிமரத்தினின்றும் புதுத் தளிர் கிளம்பியது.

நமக்கும் உண்டு சொல்

இவற்றையெல்லாம் படித்து முடித்தபின் என் மனம் நம் ஊர்ப் பாறைக்கே திரும்பியது. சென்னைக்கு அருகே பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் உள்ள பாறைக்கு உலக நிலவியல் நூல்களில் 'சார்னோக்கைட்டு' என்று பெயர். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலார் இட்ட பெயர். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்தது என்பதே பெயருக்குக் காரணம். தலைமுறை தலைமுறையாக இக்கல்லைப் பிளந்து கோயிலும் அம்மியும் ஆட்டுக்கல்லும் ஆக்கியவர்கள் அதற்கு என்ன பெயர்கள் வைத்திருந்தனர் என்று அன்று கேட்டறிந்திருந்தால், நம் தொழிலாளர் சொல்லொன்றும் உலக நூலேறியிருக்கலாம்.

என் தந்தையார் கிணறு வெட்டும் தொழில் செய்பவர். பள்ளிப்படிப்பு அதிகமில்லை. ஆயினும் வெங்கச்சங்கல், காக்காப்பொன், சுக்கான்கல், சரளை எனப் பார்த்தவுடன் பிரித்துச் சொல்வார். குவார்ட்சு, மைக்கா என்று நான் ஆய்வுக்கூடத்தில் எழுதுபவை அவருக்கு முன்பே அறிமுகமானவை. நார்தம்பர்லாந்தின் கல்வெட்டுத் தொழிலாளரும் இத்தகையோரே. அவர்கள் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டவர் இருந்தனர். அதனால் அது பாடமாயிற்று.

நிலவியல் மாணவர்களாகிய நாம் களப்பயணம் செல்லும்போது சுத்தியலோடும் திசைகாட்டியோடும் திரும்பிவிடுகிறோம். இனி ஒரு குறிப்பேட்டையும் கொண்டு செல்வோம். கல்லுடைக்கும் பெரியவரிடமும் கிணறு வெட்டுபவரிடமும், 'ஐயா, இந்தக் கல்லுக்கு உங்கள் பக்கம் என்ன பெயர்?' என்று கேட்டு எழுதுவோம். அவற்றைத் தொகுத்துத் துறை நூலகத்தில் வைக்கப் பேராசிரியர்கள் வழிகாட்ட வேண்டும் என்று பணிவோடு வேண்டுகின்றேன். எந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளில் அச்சொற்களை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கேட்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.