உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்

“உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்.” குடிநோயோடு மல்லுக்கட்டும் உழைப்பாளிக் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேட்பவர்கள் இதைச் சாக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். சாக்கும் அதில் உண்டு; உண்மையும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களின் பிழைப்பு இடுப்பையும் முழங்காலையும் நம்பியது. அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகள் மலைபோல் வந்து குவிகின்றன. அவற்றை முதுகில் ஏற்றி இறக்கும் தொழிலாளி, குனிந்தபடியே நாற்று நடும் பெண், கல்லுடைப்பவர், கட்டட வேலைக்கு பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்வரும் இளைஞர் என யாருக்கும் வேலை முடிந்த கையோடு வலி முடிவதில்லை. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரை முதலில் வருகிறது. அடுத்து இடுப்பில் ஓர் ஊசி. அதுவும் போதாத மாலைகளில் டாஸ்மாக்.

மது வலியை மரத்துப்போகச் செய்வது உண்மைதான், ஆனால் சில மணி நேரத்துக்கு மட்டும். மாதக்கணக்கில் குடித்துப் பழகிய உடம்பு, குடி இல்லாத நேரத்தில் முன்பைவிடக் கூடுதலாக வலியை உணரத் தொடங்குகிறது. சோற்றைக் குறைத்துக்கொண்டு குடிப்பவர்களுக்கு தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து, உள்ளங்கால் எரிச்சலும் கால் மரப்பும் சேர்ந்துகொள்கின்றன. வலிக்காகக் குடிக்கத் தொடங்கியவர், ஒரு கட்டத்தில் குடியால் வந்த வலிக்காகவும் குடிக்கிறார். வெறும் வயிற்றில் மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வரும், ரத்தம் கசியும். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரையால் சிறுநீரகமும் அடிபடும். மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வருபவரிடம் “இனிமேல் தொடாதே” என்று சொல்லி அனுப்புகிறோம். அவர் அடுத்த வாரமே மூட்டை தூக்கப் போயாக வேண்டும். அந்த இடுப்பு வலிக்கு என்ன செய்வது என்பதைச் சொல்லி அனுப்புவது அரிது.

அக்குபங்சரைப் பற்றிய பேச்சை இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஊசி குத்தினால் குடிப்பழக்கம் போய்விடும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் மிகவும் பலவீனம். நாள்பட்ட வலியை அது ஓரளவு குறைக்கிறது என்பதற்கோ பல்லாயிரம் நோயாளிகளிடம் எடுத்த ஆதாரம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஒரு பக்கம் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் மறுபக்கம் முழு நிராகரிப்பும் வளர்கின்றன. போதை மீட்பில் அக்குபங்சருக்கு ஓர் இடம் உண்டு. வலி மருத்துவமாகத்தான் அது அங்கே நுழைய வேண்டும்.

போதைக்கும் ஊசிக்கும் முடிச்சு விழுந்தது தற்செயலாகத்தான். 1972-ல் ஹாங்காங்கில் எச். எல். வென் என்ற நரம்பு அறுவை மருத்துவர், அபினுக்கு அடிமையான ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சைக்காக ஊசிகளைச் செருகி மின் தூண்டல் கொடுத்தார். அபின் கிடைக்காமல் உடம்பு படும் தவிப்பு அடங்கிவிட்டதாக அந்த நோயாளி சொன்னார். வென் அதை மேலும் பலரிடம் செய்துபார்த்து அடுத்த ஆண்டு எழுதினார். அந்தச் செய்தி நியூயார்க்கின் ஏழைப் பகுதியான சவுத் பிராங்க்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்குள்ள லிங்கன் மருத்துவமனையில், 1970-ல் மக்கள் போராட்டம் நடத்திப் பெற்ற போதை மீட்புப் பிரிவு இயங்கிவந்தது. அதில் பணியாற்றிய மருத்துவர் மைக்கேல் ஸ்மித்தும் உடனிருந்தவர்களும் மின்சாரத்தைக் கைவிட்டு, காதில் ஐந்து இடங்களில் மட்டும் ஊசி போடும் எளிய முறையை வளர்த்தெடுத்தார்கள். 1985-ல் அதைக் கற்பிக்கவே நாடா என்ற சங்கம் அமெரிக்காவில் அமைந்தது.

அந்த முறையில் நோயாளிகள் நாற்காலிகளில் வட்டமாக உட்காருகிறார்கள். காது மடலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கால் மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஊசியை ஐந்து இடங்களில் செருகுகிறார்கள். முனை குருத்தெலும்பை ஒட்டிச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். முதலில் எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும். பிறகு காது சூடேறிக் கனக்கும். முப்பது, நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யாரும் கேள்வி கேட்பதில்லை, எத்தனை குவாட்டர் குடித்தாய் என்று குடைவதில்லை. முடிந்ததும் ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, மூடிய பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடக்கூடாது. வாய் திறந்து பேசக் கூச்சப்படுகிறவர்கள் நிறைந்த நம் ஊரில், பேசாமல் உட்காரலாம் என்பதே பெரிய சலுகை.

இதன் பலன் என்ன என்று பார்த்தால் கதை சறுக்குகிறது. 1989-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பலமுறை சிகிச்சை பெற்றும் குடிக்குத் திரும்பிய 80 பேரில் பாதிப் பேருக்குக் குறிப்பிட்ட புள்ளிகளிலும், மீதிப் பேருக்குச் சம்பந்தமில்லாத புள்ளிகளிலும் ஊசி போட்டார்கள். முதல் பிரிவில் 40-க்கு 21 பேர் சிகிச்சையை முடித்தார்கள். இரண்டாவது பிரிவில் ஒரே ஒருவர். ஆனால் அந்த ஆய்வை நடத்திய புல்லக்கே 503 பேரை வைத்து நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தென்படவில்லை. கோகெய்ன் பழக்கமுள்ள 620 பேரிடம் அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வும் அதே 2002-ல் வெளியானது. காதில் சரியான இடத்தில் குத்தியவர்கள், வேறிடத்தில் குத்தியவர்கள், ஊசியே இல்லாமல் ஓய்வுக் காணொளி பார்த்தவர்கள் என மூன்று பிரிவினரிடமும் பழக்கம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஊசியால்தான் குறைந்தது என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. புகைப்பழக்கத்திலும் நீண்டகாலப் பலனுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டுக் குடும்பத்தாரிடம் பணம் வாங்குவது மோசடி.

வலியின் விஷயத்தில் நிலவரம் வேறு. ஆண்ட்ரூ விக்கர்ஸ் தலைமையிலான குழு, முதுகு, கழுத்து, முழங்கால், தலை ஆகியவற்றின் நாள்பட்ட வலி பற்றி உலகெங்கும் நடந்த தரமான ஆய்வுகளிலிருந்து ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் திரட்டி மறுபடி கணக்கிட்டது. 2012-ல் 29 ஆய்வுகள், 17,922 நோயாளிகள். 2018-ல் 39 ஆய்வுகள், 20,827 நோயாளிகள். அவர்கள் தந்த விளக்கம் எவருக்கும் புரியும். நூற்றுக்கு 60 என்ற அளவில் வலியோடு வருபவர்களை எடுத்துக்கொள்வோம். அக்குபங்சர் இல்லாமல் வழக்கமான கவனிப்பில் இருப்பவர்களுக்கு அது 43 ஆகக் குறையும். போலி ஊசி பெற்றவர்களுக்கு 35. முறையான ஊசி பெற்றவர்களுக்கு 30. சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆன பிறகும் பலனில் பெரும்பகுதி நிற்கிறது என்பதும் தெரிந்தது. வலி அறவே போய்விடுவதில்லை. ஆனால் 60-க்கும் 30-க்கும் உள்ள தூரம், இரவில் தூங்க முடியாததற்கும் தூங்க முடிவதற்கும் உள்ள தூரம். குடியை விட்டவரை மறுபடி கடைக்கு இழுப்பவற்றில் தூக்கமின்மைக்கும் பெரிய பங்கு உண்டு.

இந்த எண்களிலேயே ஓர் ஆட்சேபமும் ஒளிந்திருக்கிறது. போலி ஊசிக்கும் அசல் ஊசிக்கும் வித்தியாசம் ஐந்தே புள்ளி என்றால், இது வெறும் மனப்பிராந்திதானே? ஜெர்மனியில் கீழ்முதுகு வலிக்காரர்கள் 1,162 பேரிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. அசல் ஊசியில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, போலியில் 44.2; மாத்திரையும் உடற்பயிற்சியும் அடங்கிய வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசி குத்தும் இடம் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இது நல்ல அடி. நாடிப்பாதை, உயிராற்றல் ஓட்டம் என்ற விளக்கங்களை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதற்கு இங்கே எந்தச் சான்றும் இல்லை. இதை அக்குபங்சர்காரர்கள் மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மூட்டை தூக்குகிறவர் வீட்டில் எடைபோட்டுப் பார்ப்பது அசலையும் போலியையும் அல்ல. இதையும் இப்போது தனக்குக் கிடைப்பதையும்தான். அவருக்கு இப்போது கிடைப்பது மாத்திரையும் சரக்கும். தோலைத் தைக்கும் ஊசி, எங்கே தைத்தாலும், நரம்பைத் தூண்டத்தான் செய்கிறது. உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்களைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் அக்குபங்சரின் வலி நிவாரணம் குறைகிறது என்பது 1970-களிலேயே சோதனையில் தெரிந்த விஷயம். அரை மணி நேர ஓய்வு, ஒருவர் அக்கறையோடு தொட்டுக் கவனிப்பது, வாராவாரம் வந்துபோகும் ஒழுங்கு ஆகியவையும் சேர்ந்து வேலை செய்கின்றன. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2016-ல் கீழ்முதுகு வலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021-ல் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு அதைப் பரிசீலிக்கலாம் என்றது. அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2020 முதல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு 90 நாளில் 12 முறை வரை செலவை ஏற்கிறது. நிபுணர்களே இப்படிப் பிரிந்து நிற்கையில், பலன் மிதமானது என்று சொல்வதே நேர்மை.

இரண்டாவது ஆட்சேபம் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்ற பெயரில் பரவியிருப்பவற்றில் ஒரு பகுதி, எல்லா ஆங்கில மருந்தையும் நிறுத்து என்று சொல்லும் பிரச்சாரம். சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு நேரும் கெடுதி சற்றுத் தாமதமாகத் தெரியும். குடிநோயில் அது மூன்று நாளில் தெரிந்துவிடும். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் மருந்தில்லாமல் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், இடம் காலம் புரியாமல் போகும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். அந்த நாட்களுக்குத் தேவை மருத்துவமனைப் படுக்கை, டயஸெபாம் வகை மருந்து, தயமின் ஊசி. காதில் குத்தும் எந்த ஊசியும் அதற்கு மாற்று ஆகாது. உடல் தவிப்பு அடங்கி, மனநல மருத்துவர் சரி என்ற பிறகுதான் அக்குபங்சருக்கு வேலை. மருந்தை நிறுத்தச் சொல்லும் அக்குபங்சர்காரரிடமிருந்து அன்றே எழுந்து வந்துவிட வேண்டும். அவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் சரி.

பயிற்சி பெற்றவர்கள் எங்கே என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. 1938-ல் மருத்துவர் கோட்னிஸுடன் சீனாவுக்குப் போன மருத்துவக் குழுவில் இருந்த பி. கே. பாசு, 1959-ல் கல்கத்தாவில் அக்குபங்சரைத் தொடங்கிவைத்தார். மேற்கு வங்கம் 1996-லேயே தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லாததால் சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு எவரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரிகளில் ஐந்தரை ஆண்டு படிக்கும் பட்டதாரிகளின் பாடத்திட்டத்தில் அக்குபங்சரும் இருக்கிறது. உடற்கூறு படித்தவர்கள் அவர்கள். மார்பில் ஊசி ஆழம் போனால் நுரையீரல் ஓட்டையாகும், காதுக் குருத்தெலும்பில் கிருமி ஏறினால் மடலே சுருங்கிவிடும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள்.

பிசியோதெரபிக்கும் மனநல மருத்துவருக்கும் போக வேண்டிய பணத்தை அக்குபங்சரில் ஏன் கொட்ட வேண்டும் என்று கேட்பவர்களோடு பாதிக்கு மேல் உடன்படுகிறேன். ஆனால் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றது. மற்ற 37 பேரைக் கதவு வரை கூட்டிவருவதே முதல் வேலை. சிகிச்சை கைக்கெட்டாததன் விலை விழுப்புரம் மாவட்டத்துக்குத் தெரியும்: 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலர் பலியானார்கள், மறு ஆண்டு ஜூனில், முன்பு இதே மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். “குடியை நிறுத்த வா” என்றால் வராதவர், “இடுப்பு வலிக்குப் பார்க்கிறோம், வா” என்றால் வருவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு குடியைப் பற்றியும் பேசலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, பிறகு மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய்ப் பதினைந்து நாள் முகாம் நடத்தியது. சிகிச்சை ஊருக்கு வந்தால் ஆட்கள் வருவார்கள் என்பதை அது காட்டியது.

செஞ்சியில் இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு மாலை, வேலை முடிந்து வரும் நேரத்தில், ஓர் அறை; ஓர் இயற்கை மருத்துவர், ஒரு பிசியோதெரபிஸ்ட், மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஓர் ஆலோசகர். நடுக்கத்தோடு வருபவரை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. அதில் ஒவ்வொரு வாரமும் வலி எத்தனை, எத்தனை இரவு தூங்கினார், எத்தனை வலி மாத்திரை, எத்தனை நாள் குடித்தார் என்று நான்கே வரி. வர முடியாதவர்களின் வீட்டாருக்கு 14416 என்ற மனநல உதவி எண்ணும் 14446 என்ற போதை மீட்பு எண்ணும் எழுதிய ஓர் அட்டை. ஊசி போடாமல் பிசியோதெரபி மட்டும் பெறுபவர்களின் நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆறு மாதத்தில் இரண்டு அடுக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், ஊசியை விட்டுவிட்டு அந்த இரண்டு மாலைகளையும் பிசியோதெரபிஸ்ட்டுக்கே கொடுத்துவிடலாம்.