ஒரு தூசும் ஒரு தீயும்

மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றுகையில் நாலு சொட்டுச் சிந்தினால் துடைத்துவிட்டுப் போகிறோம். வினாடிக்கு 12 லிட்டர் பாயும் குழாய் சிந்தினால் என்னாகும்?

1994 ஜூலை 31. ஜெர்மனியின் ஹோக்கன்ஹைம் பந்தயத் திடல். ஜோஸ் வெர்ஸ்தாப்பன் ஓட்டிய காருக்கு எண்ணெய் நிரப்பும்போது பெட்ரோல் பீறிட்டது. மறுகணம் காரையே தீ சூழ்ந்தது. ஓட்டுநரும் ஊழியர் சிலரும் தீக்காயங்களோடு உயிர் பிழைத்தனர். (இவர் மகன் மேக்ஸ்தான் 2017இல் நம் செப்பாங் பந்தயத்தில் வென்றவர்.)

அந்த இணைப்பு, சிந்தாதபடி அமைக்கப்பட்டதுதான். குழாய் முனையில் ஒரு வால்வு. காரின் தொட்டி வாயில் ஒரு வால்வு. இரண்டும் பூட்டிக்கொண்டால் திறக்கும். பிரித்தால் சுருள்வில் மூடிவிடும். அன்றோ குழாயின் வடிகட்டி கழற்றப்பட்டிருந்தது. ஏதோ தூசு சிக்கியதால் வால்வு மூடவில்லை என்றது விசாரணை. 2010 முதல் அப்பந்தயத்தின் நடுவே எண்ணெய் நிரப்புவதே தடைசெய்யப்பட்டது.

நம் அடுப்படி எரிவாயுத் தோம்பிலும் இதே முறைதான். ரெகுலேட்டரைத் திருப்பினால் அதன் ஊசி வால்வை அழுத்தித் திறக்கும். மூடினால் சுருள்வில் அடைக்கும். மண்ணோ, தேய்ந்த ரப்பர் வளையமோ இருந்தால் வாயு கசியும். காற்றைவிடக் கனமாதலால் தரையோடு தங்கும்.

ஆகவே தாய்மார்களே, பொருத்துமுன் தோம்பின் வாயைப் பாருங்கள். பொருத்தியபின் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள். நெருப்பும் வேண்டாம், விளக்குச் சுவிட்சையும் தொடவேண்டாம். தோம்பு கொண்டுவந்த கடைக்காரரை வெளியே நின்று அழையுங்கள்.