பனியாற்றைக் காக்கும் வறண்ட காற்று

பொலிவியாவில், லா பாஸ் நகருக்கு வடக்கே ஆண்டிஸ் மலையில் சோங்கோ என்றொரு பனியாறு இருக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே வறண்ட காலம். மேகமில்லாத வானம், கண் கூசும் வெயில். ஆனால் பனியாற்றிலிருந்து நீர் மிகக் குறைவாக வழிவது அப்போதுதான். மழைக்காலம் பிறந்து காற்றில் ஈரம் ஏறியதும் ஓடை பெருகிவிடுகிறது. 1990களில் அங்கே கருவிகளை நட்டு அளந்த ஆய்வாளர்கள், காற்றின் ஈரப்பதத்தை இதற்கு முக்கியக் காரணமாகக் கண்டார்கள்.

பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் போதும். அதையே நேரடியாக ஆவியாக்க ஏறத்தாழ 2,830 கிலோஜூல் வேண்டும். எட்டு மடங்குக்கும் மேல்! வறண்ட காற்று பனியிலிருந்து ஆவியை உறிஞ்சும்போது இத்தனை வெப்பமும் செலவாகிவிடுகிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆவதும் இப்படித்தான். ஒரு கிலோ ஆவியாகிப் போனால், அந்த வெப்பத்தில் உருகியிருக்க வேண்டிய எட்டுக் கிலோ தப்பிக்கிறது.

ஈரக்காற்றில் எல்லாம் தலைகீழ். காற்றிலுள்ள ஆவி பனியின்மேல் நீராகப் படிந்து, கிலோவுக்குச் சுமார் 2,500 கிலோஜூல் வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடும். ஏழு கிலோ பனி உருக அது போதும். இதற்குக் காற்று சொதசொதவென்று இருக்க வேண்டியதில்லை. 10 டிகிரி வெப்பக் காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினாலே, உருகும் பனியின்மேல் ஆவி படியத் தொடங்கிவிடும்.

சிலி, அர்ஜென்டினா எல்லையில் உள்ள வறண்ட ஆண்டிஸில் இந்த இழுபறியைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே பனிப்பரப்பு கூர்கூரான ஊசிகளாக, சில இடங்களில் ஆளுயரத்துக்கும் மேலாக, வரிசை கட்டி நிற்கிறது. 1835இல் அங்குள்ள கணவாய்களைக் கடந்த சார்லஸ் டார்வினும் இவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஊசிகளின் இடையே உள்ள பள்ளத்தில் வெயில் பட்டுத் தெறிக்கிறது, ஈரம் தேங்குகிறது, பனி உருகுகிறது. முனையில் வறண்ட காற்று படுவதால் பனி ஆவியாகி, உருகாமல் குளிர்ந்தே நிற்கிறது. பள்ளம்தான் வேகமாக ஆழமாகிறது.

அதற்காக வறட்சி நல்லது என்று ஆகிவிடாது. கிளிமஞ்சாரோ உச்சியில் காற்று பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேதான் இருக்கிறது. இருந்தும் 1912க்கும் 2011க்கும் இடையே அதன் பனிப்பரப்பில் சுமார் 85 சதவீதம் போய்விட்டது. புதுப்பனி போதிய அளவு விழாததால் பழைய, அழுக்கேறிய பனி வெயிலைக் குடிக்கிறது. பெரும்பகுதி ஓடைக்கு வராமலே ஆவியாகிறது.

உலகம் ஒரு டிகிரி சூடானால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பனியாறுகளைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டிய கணக்கு இது. 2012 ஜூலையில் வெதுவெதுப்பான ஈரக்காற்றும் மெல்லிய மேகங்களும் கிரீன்லாந்தின்மேல் கவிந்தபோது, 3,200 மீட்டர் உயர உச்சி உட்பட அதன் பனிப்பரப்பில் 97 சதவீதம் உருகலைக் கண்டது.