பாண்டி நாட்டுக்கு வந்த ரோமாபுரி வெள்ளி

மணிவாசகரைப் பெற்ற திருவாதவூர் என்றவுடன், குதிரை வாங்குவதற்காகப் பாண்டியன் தந்த பெரும்பொருளோடு கடற்கரை நோக்கிப் புறப்பட்ட அமைச்சரின் சரித்திரமே யாவர்க்கும் நினைவில் எழும்; அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னர், மேற்குக் கடல் வழியே பொருள் நம் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்ததை அறிந்தவர் சிலரே. அப்பொருளில் ஒன்றுதான் 'தினாரியஸ்' என்னும் ரோமானிய வெள்ளிக் காசு.

கி.மு. 211ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய இக்காசின் ஒருபுறம் தலைக்கவசம் தரித்த ரோமா தேவியின் முகமும், மறுபுறம் நம் அசுவினி தேவர்களைப் போன்ற இரட்டைக் குதிரைவீரர்களின் உருவமும் பொலிந்தன. பின்னர் இடிக்குரிய ஜூபிடரும், சந்திர தேவியும், வெற்றித் திருமகளும் தேரேறி அதில் எழுந்தருளினர். பட்டறைக்கல்லில் பதித்த கீழ் அச்சின்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேலச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பதே அக்காலத்து முறை. கைவேலையாதலால் சிலவற்றில் தேவதையின் முடியோ பாதமோ விளிம்புக்கு அப்பால் போய்விட்டதுண்டு.

தமிழகத்தில் கிடைப்பவை பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் சக்கரவர்த்திகளுடையவை. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலில் 500க்கு மேற்பட்டவை வெளிப்பட்டன. திபேரியஸ் காசில், கிளையும் செங்கோலும் ஏந்தி ஆசனத்தில் வீற்றிருக்கும் பெண்ணைச் சாந்தி தேவியின் கோலத்திலுள்ள அரசன் தாய் லிவியா என்பர்.

இவ்வந்நிய தேவதைகளை நம் வணிகர் வணங்கினாரல்லர். அவ்வுருவங்களை வெள்ளியின் மாற்றுக்கும் எடைக்கும் உரிய முத்திரையாகவே மதித்தனர் என்பது என் துணிபு. வெவ்வேறு அரசர் முகம் தாங்கிய காசுகள் யாவும் ஒரே எடையாயிருக்கக் கண்டு இலங்கை வேந்தன் ரோமரின் நேர்மையை வியந்தான் என்று ரோமானிய நூலாசிரியர் பிளினி எழுதியிருப்பது இதற்குத் தக்க சான்று. அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய 4 கிராம் எடையுள்ள தூய வெள்ளியாயிருந்த காசை, கி.பி. 64இல் நீரோ சக்கரவர்த்தி எடையிலும் மாற்றிலும் குறைத்தான். அதன்பின் அடிக்கப்பட்ட வெள்ளிக் காசுகள் நம் மண்ணில் அரிதாகவே அகப்படுகின்றன.

மதுரையில் வைகை மணலில் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுகள் பிற்காலத்தவை. உழுசாலிலோ ஆற்றுமணலிலோ பழங்காசு கண்டெடுப்போர் அதனைத் தட்டாரிடம் உருக்கக் கொடுத்துவிடாமல், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்து, அக்காசு அருங்காட்சியகம் சேர உதவுவாராக.