நியூட்ரானா, நீரா: யார் முதலில்?

‘அ’ மாட்யூலுக்கு ‘ஆ’வோட பதில் வேணும், ‘ஆ’வுக்கு ‘அ’வோட பதில் வேணும். கோடு எழுதுகிற எல்லாருக்கும் தெரிந்த தலைவலி இது. கொதிநீர் அணு உலையைக் கணிக்கப் போனால் இதே சிக்கல் இயற்பியலாகவே வந்து நிற்கும். இந்தியாவில் தாராப்பூரின் முதல் இரண்டு உலைகள் இந்த வகைதான்.

உலைக்குள் சுமார் 70 பார் அழுத்தத்தில் நீர் கீழிருந்து மேலே போகிறது. ஏறக்குறைய 286 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. இந்த நீருக்கு இரண்டு வேலை. வெப்பத்தை எடுத்துச் செல்வது ஒன்று. வேகமான நியூட்ரான்களை மெதுவாக்கி அடுத்த பிளவுக்குத் தயார் பண்ணுவது இன்னொன்று. கொதித்துக் குமிழி கூடினால் அடர்த்தி குறையும், மெதுவாக்குவதும் குறையும், அந்த இடத்தில் திறன் இறங்கும்.

எரிபொருளும் சும்மா இருக்காது. சூடு ஏறினால் யுரேனியம்-238 கூடுதல் நியூட்ரான்களை விழுங்கும். 6.67 எலக்ட்ரான் வோல்ட்டில் அதற்கு ஓர் உறிஞ்சு உச்சம் இருக்கு. சூட்டில் அது அகலமாகிவிடும். இதுதான் டாப்ளர் விளைவு.

ஆக, திறன் தெரியாமல் அடர்த்தி தெரியாது, அடர்த்தி தெரியாமல் திறன் தெரியாது. வழக்கமான வழி மாறி மாறிக் கணக்கிடுவதுதான். திறனை ஊகித்து, நீரின் அடர்த்தியும் எரிபொருள் வெப்பநிலையும் கண்டுபிடி. அதை வைத்துத் திறனைத் திருத்து. பதில் மாறாமல் நிற்கும் வரை சுற்று. இதற்குப் பிக்கார்டு முறை என்று பெயர்.

பைத்தானில் உயரவாக்கில் 24 துண்டு வைத்து ஒரு பொம்மை உலை எழுதிப் பார்த்தேன். திறனின் உச்சம் ஒரு சுற்றில் கீழே இறங்குச்சு, அடுத்ததில் மேலே ஏறுச்சு, மறுபடி கீழே. “ஆகா, உலை ஊசலாடுது!”ன்னு குதிச்சேன். உண்மையில் ஊசலாடியது என் கணக்கு. நிலையான நிலையைத் தேடும்போது ஒரு சுற்று என்பது ஒரு நொடி இல்லை. அதில் காலமே கிடையாது. குளியலறையில் சுடுநீர்க் குழாயை ஒரேயடியாகத் திருப்பி, பிறகு பதறி மூடுகிற கதைதான். புது விடையில் பாதி, பழையதில் பாதி என்று கலந்ததும் அடங்கிடுச்சு.

ஆனால் இதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. நிஜ ஊசலாட்டமும் உண்டு. 1988 மார்ச்சில் அமெரிக்காவின் லாசால் 2-ஆம் உலையில் மறுசுழற்சி பம்புகள் நின்று நீரோட்டம் குறைந்தது. திறன் ஏறி இறங்க ஆரம்பித்தது, கடைசியில் உலை தானாக நின்றது. குமிழி நிறைந்த நீர் மேலே போய்ச்சேர எடுக்கும் நேரத் தாமதமும் நியூட்ரான் எதிர்வினையும் கைகோர்த்ததால் வந்தது அது. நேரத்தோடு நகரும் கணக்கில், ஒவ்வொரு காலடியிலும் இரண்டு பக்கமும் சரியாக ஒத்துப்போகணும். அவசரப்பட்டால் இல்லாத ஆட்டம் தெரியும்; அளவுக்கு மீறி அமுக்கினால் இருக்கிற ஆட்டம் மறைந்துபோகும். இரண்டாவதுதான் ஆபத்து.

அதனால்தான் இப்படிப்பட்ட நிரல்களை நிஜ அளவீட்டோடு உரசிப் பார்க்கிறார்கள். 1977-இல் பீச் பாட்டம் 2-ஆம் உலையில் டர்பைனை வேண்டுமென்றே நிறுத்திச் செய்த சோதனைகள் அதற்கு நல்ல உரைகல்.

விடை மாறாமல் நின்றுவிட்டால் சமன்பாடு தீர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம். உலை அப்படித்தான் நடக்குமா என்பதை உலைதான் சொல்லணும்.