பெட்டியும் நண்பர்களும்

பெட்டி என்றால் நமக்குத் தெரிந்தது துணிப்பெட்டி, பணப்பெட்டி. அமெரிக்காவிலோ அது ஓர் அம்மையாரின் பெயர்! பெட்டி ஒயிட். அறுபது ஆண்டுகளுக்கு மேல் தொலைக்காட்சியில் மக்களைச் சிரிக்க வைத்த நடிகை. நூறு வயது நிறையப் பதினேழு நாட்களே இருந்தபோது, 2021 டிசம்பர் 31-இல் மறைந்தார்.

லாஸ் ஏஞ்சலீஸ் நகர மிருகக்காட்சிச் சாலைக்குத் துணைநிற்கும் சங்கத்தில் 1974 முதல் அறங்காவலராக இருந்தவர் அவர். அங்கே பழகிய உயிர்களைப் படங்களும் துணுக்குகளுமாக 2011-இல் நூலாக்கினார். 'பெட்டியும் நண்பர்களும்' என்று பெயர் வைத்தார். நண்பர்கள் யார்? சீமான்களா, சினிமாக்காரர்களா? நாலு காலில் நடப்பவர்கள், சிறகு விரிப்பவர்கள்!

படித்தோம், சிரித்தோம். ஆனால் அந்த அம்மையாரின் கதையில் சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. சிறுமியாக இருந்தபோது வனக்காவலராக வேண்டும் என்பது அவர் ஆசை. பெண்ணுக்கு அந்த வேலை இல்லை என்றது அந்நாளைய அமெரிக்கா. விடுதலைச் சிலை நிற்கும் நாட்டின் இலட்சணம் பாரீர்! 2010-இல், 88 வயதில், வனத்துறையே அழைத்துக் கௌரவ வனக்காவலர் ஆக்கிற்று. எண்பதாண்டுத் தாமதத்தை ஒரு தொப்பியால் மூடினார்கள்.

நூலிலும் ஒரு குறை சொல்வோம். சிரிப்பு நிறைய, கூண்டைப் பற்றிய கேள்வி குறைவு. அடைத்து வைத்த உயிர் நம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டினால் அது சிரிப்புத்தானா? அன்புள்ள அம்மையார் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சரி, கீழப்பழுவூரில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் பேசுகிறோம்? பழுவேட்டரையர் ஆண்ட ஊர் என்று பெருமை பேசுகிறோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியில் நடந்து பள்ளிக்குப் போகிறார்கள் நம் பிள்ளைகள். புலியைக் கண்ணால் காண அவர்கள் வண்டலூருக்குப் போகவேண்டும். 200 கிலோமீட்டருக்கு மேல்! சுற்றுலாப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை புலியைப் பார்க்கும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை? பாடநூலில் தீப்பெட்டி அளவுப் படம்!

1855-இல் சென்னை அருங்காட்சியகத் தோட்டத்தில் பால்ஃபோர் தொடங்கிய மிருகக்காட்சிச் சாலை, 1985-இல் அறிஞர் அண்ணா பெயரோடு வண்டலூரில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்தது. நம் நடிகர்களும் கை நீட்டினார்கள். 2018-இல் சிவகார்த்திகேயன் அனு என்ற வெண்புலியின் பராமரிப்புச் செலவை ஏற்றார். அடுத்த ஆண்டு விஜய் சேதுபதி இரு வெண்புலிகளுக்குப் பணம் தந்தார். பாராட்டுகிறோம். பணம் தந்தவர்கள் முகத்தையும் தரக்கூடாதா? அவர்கள் பக்கத்தில் நிற்க, வெண்புலியும் யானையும் படமாக, நல்ல தமிழில் நாலு வரி நகைச்சுவை எழுதி, மலிவு விலையில் ஒரு நூல் போட்டால் வேண்டாமென்பார் உண்டா?

அந்த நூலில் கரைவெட்டி ஏரிக்கும் இடம் வேண்டும். நமக்குப் பக்கத்திலுள்ள ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயமாயிற்று, 2024-இல் ராம்சர் பட்டியலில் ஏறிற்று. இமயத்தைத் தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்துக்கு அங்கே கூண்டும் இல்லை, நுழைவாயிலும் இல்லை. வனத்துறையும் நூலக ஆணைக்குழுவும் சேர்ந்து இதைச் செய்யட்டும். முதல் படியைக் கீழப்பழுவூருக்கு அனுப்புங்கள். அதைப் புரட்டும் சிறுமி வனக்காவலராக வேண்டும் என்று சொன்னால், விண்ணப்பத்தை நாமே எழுதித் தருகிறோம்.