நான்கு எழுத்தில் ஒரு பொதுச்சுவர்

“பேஜ் வைரஸின் மரபணுத்தொகுதியைக் கணினி ஒரு நிமிடத்தில் அலசிவிடுகிறதே, பிறகு எதற்கு அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வாதாடுகிறார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்தான் பேஜ். ‘ஆன்டிபயாடிக் காலம் முடிந்தது, இனி பேஜ் காலம்’ என்ற ஆரவாரத் தலைப்புகள் சொல்லாமல் விடும் வேலை அது.

மரபணு எங்கே முடிகிறது என்பதில் வழக்கில்லை. டிஏஏ, டிஏஜி, டிஜிஏ என்ற முடிவுக் குறியீடுகள் மூன்றில் ஒன்று வந்தால், புரதம் கட்டும் ரைபோசோம் நின்றுவிடும். வழக்கு தொடக்கத்தில்தான். ஏடிஜி மட்டுமல்ல, ஜிடிஜியும் சில வேளை டிடிஜியும்கூடத் தொடக்கமாகலாம். அதனால் ஒரே முடிவுக்கு முன்னால் பல தொடக்கங்கள் உரிமை கோரி நிற்கும். அதோடு, முடிவுக் குறியீடு குறுக்கிடாத நீண்ட பகுதியெல்லாம் மரபணுவும் அல்ல. டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி ஆகிய நான்கு எழுத்துகளும் சமமாகக் கலந்திருந்தால், தற்செயலாகவே சராசரியாக 21 கோடான்களுக்கு (மூன்றெழுத்துக் குறியீடுகளுக்கு) ஒரு முடிவு வரும். முடிவுக் குறியீடுகளில் ஏ, டி அதிகம். எனவே ஜி, சி இரண்டும் சேர்ந்து 67 சதவீதம் உள்ள தொகுதியில் அந்த இடைவெளி 44 கோடான்களாக நீளும். மைக்கோபாக்டீரியாவைத் தாக்கும் பேஜ்கள் பலவும் இப்படி ஜி, சி மிகுந்தவை. போலி மரபணுக்கள் அங்கே எளிதில் முளைக்கும்.

எதை நம்புவது? பேஜின் தொகுதி, லைன் வீடுகள் நெருக்கியடித்துக் கட்டிய தெரு. வைரஸின் தலைக்குள் அடங்கும் டிஎன்ஏவுக்கு அளவுண்டு. காலிமனை விட வசதியில்லை. பெரிய காலிமனை தெரிந்தால், அங்கே நாம் பார்க்கத் தவறிய வீடு இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரு வீடு பக்கத்து வீட்டின் கூடம்வரை நீண்டால், வாசலைத் தவறாகக் குறித்துவிட்டோமா என்று சோதிக்க வேண்டும். நீண்ட வரிசைக்கு வாசலெல்லாம் ஒரே திசையில் இருக்க, நடுவில் ஒன்று மட்டும் எதிர்த்திசையில் திறந்தால் அதன் பட்டாவையே சந்தேகிக்க வேண்டும்.

இந்தத் தெருவின் அழகு பொதுச்சுவரில்தான். ஏ-டி-ஜி-ஏ என்ற நான்கு எழுத்துகளைப் பாருங்கள். கடைசி மூன்று டிஜிஏ: முன் மரபணுவின் முடிவு. முதல் மூன்று ஏடிஜி: அடுத்த மரபணுவின் தொடக்கம். ஒரு புரதத்தை முடித்த ரைபோசோம் ஆர்என்ஏவை விட்டு விலகாமல், ஓர் எழுத்து பின்னால் நகர்ந்து அங்கிருந்தே அடுத்ததைத் தொடங்கிவிட முடியும். முதல் வீட்டின் கொல்லைச் சுவரே அடுத்த வீட்டின் நிலைப்படி. முன் வீட்டில் உலை கொதித்தால் பின் வீட்டிலும் அடுப்பு எரியும். இரு புரதங்களின் உற்பத்தியும் இப்படித்தான் பிணைகிறது. ஆகவே போட்டியிடும் தொடக்கங்களில் ஒன்று ஏடிஜிஏ சந்திப்பில் விழுந்தால், அதற்குத் தனி மதிப்பு உண்டு. அதற்கு முன்னால் ரைபோசோம் பற்றும் ஷைன்-டல்கார்னோ தொடர் வலுவாக இல்லாவிட்டாலும், வந்த ரைபோசோம் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது.

வரலாறு சுருக்கமாக: 1977-இல் ஃபிரெடரிக் சாங்கரின் குழு ஃபை-எக்ஸ்-174 பேஜை வாசித்தது, நீளம் 5,386 எழுத்துகள். அதில் ‘டி’ (D) மரபணுவுக்குள்ளேயே ‘இ’ (E) மரபணு, மூன்றெழுத்துகளை வேறு இடத்திலிருந்து பிரித்து வாசிக்கும் சட்டகத்தில் உள்வாடகைக்கு இருந்தது. ஆக, மேலே சொன்னவை வழிகாட்டிகள், சட்டங்கள் அல்ல.

மரபணுக்களைக் கண்டறியும் மென்பொருள்களும் பிணங்கும். கிளிம்மர் ஒரு தொடக்கத்தைச் சொல்லும், ஜீன்மார்க் வேறொன்றைச் சொல்லும். தரவுத்தளத்தில் ஒரு தொடக்கம் தவறாக ஏறிவிட்டால், அதை ஒப்பிட்டுப் பார்க்கும் அடுத்த தொகுதியிலும் அதே பிழை ஏறும். எத்தனை பேஜ்களில் ஒரே தொடக்கம் இருக்கிறது என்ற எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டுவோர், அவற்றில் எத்தனையைக் கண்ணால் சரிபார்த்தார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

இது ஏட்டுச் சண்டை அல்ல. 2018-இல் லண்டனில், மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் தொற்றால் தவித்த 15 வயதுச் சிறுமிக்கு மூன்று பேஜ்கள் தரப்பட்டன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் குழு, பெரும்பாலும் மாணவர்கள் திரட்டிய தொகுப்பிலிருந்து அவற்றைத் தேர்ந்தெடுத்தது. அவற்றில் இரண்டு, பாக்டீரியாவைக் கொல்லாமல் உள்ளே ஒளிந்துகொள்ளக்கூடியவை. அந்தக் குணத்தைத் தரும் அடக்கி மரபணுவை முடக்கிய பிறகே அவை பயன்பட்டன. சிறுமியின் நிலை மெல்லத் தேறியது. ஒரே நோயாளி, ஒப்பீட்டுக் குழு இல்லை. இதை வைத்துப் புரட்சி என்று முழங்க முடியாது. ஆனால் ஒன்று உறுதி: எந்த மரபணு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் கத்தியை எங்கும் வைக்க முடியாது. மாணவர்கள் வாதாடும் அந்த வாரங்கள் சிகிச்சையின் முதல் படி.